என் கை அளவுக்கு ஒரு மவுஸ்

செருப்பின் ஓரத்தை என்னைவிட வேகமாக வெட்டக்கூடியவர் அந்தக் காலத்தில் தஞ்சாவூரில் யாரும் இல்லை. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் நிறுவனத்தில் இருந்த பதினோரு பேரும் ஒப்புக்கொண்ட விஷயம் இது. வெட்டுவது என்றால் கத்தியால் அல்ல, மவுஸால். ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் ஒரு கடை, தன்னிடம் விற்கும் செருப்பு, சட்டி, நாற்காலி, கைப்பை எல்லாவற்றையும் படம் எடுத்து எங்களுக்கு அனுப்பும். பொருளுக்குப் பின்னால் தெரியும் சுவர், துணி, நிழல் எல்லாவற்றையும் நீக்கி, பொருளை மட்டும் வெள்ளைப் பின்னணியில் நிறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு விளிம்பைச் சுற்றி மயிரிழை பிசகாமல் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு சாதாரணச் செருப்புக்கே நூறு புள்ளி ஆகும். பின்னல் வார் வைத்தது என்றால் கேட்கவே வேண்டாம்.

நிறுவனம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. முதலாளி வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பதினோரு பேரும் பெண்கள். நான் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோனேன். எங்களுடையது குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போடும் கிறிஸ்தவக் குடும்பம். ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வராத வருடங்கள் அவை. அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போய்விட்டான். நான் பட்டப்படிப்பு முடித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, இந்த வேலையில் சேர்ந்தேன். எனக்கு வேலை பிடித்திருந்தது. நான் நன்றாகச் செய்கிறேன் என்பது தெரிந்ததால் இன்னும் பிடித்தது.

மூன்றாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சோறு வடிக்கப் பானையைச் சாய்த்தேன். வலது கை பிடியை விட்டுவிட்டது. நான் விட்டேன் என்று சொல்ல மாட்டேன், கைதான் விட்டது. கொதிக்கிற கஞ்சி அடுப்படியெல்லாம் ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா துள்ளி எழுந்து பின்னால் போனதால் தப்பித்தாள்.

“என்னடி ஆச்சு?”

“கை மரத்துப் போச்சும்மா.”

உண்மையில் அது அன்றைக்கு வந்ததல்ல. இரண்டு மாதமாகவே காலையில் எழுந்தால் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். உதறினால் போய்விடும். சீப்பைப் பிடித்துத் தலை வார முடியாத நாட்களும் இருந்தன. பஸ் கம்பியைப் பிடித்து நின்று வருவதால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று மதியம் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டவள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“நாள் பூரா சேத்துல குனிஞ்சி நாத்து நடுறவ கை வலிக்குதுன்னா நியாயம். ஃபேனுக்குக் கீழ உக்காந்து எலியத் தடவுறவளுக்கு என்னடி வலி?”

அவள் கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. வயல் வேலையிலிருந்து தப்பித்துப் போனவள் வலி என்று சொல்வதே வெட்கமாக இருந்தது. இன்னும் இரண்டு வாரம் அந்த வெட்கத்தோடு வேலை செய்தேன். ரவிக்கை ஊக்கை மாட்ட முடியாமல் அம்மாவைக் கூப்பிட வேண்டி வந்த காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

எலும்பு டாக்டர் மாத்திரையும், மணிக்கட்டில் கட்ட ஒரு பட்டையும் கொடுத்து, பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். என்ன வேலை என்று கேட்டார். கம்ப்யூட்டரில் படம் வெட்டுவதாகச் சொன்னேன். மேசையில் இருந்த சோப்பு டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

“இதுதான் மவுஸுன்னு வெச்சுக்குங்க. எப்படிப் பிடிப்பீங்க, காட்டுங்க.”

காட்டினேன். ஒரு செருப்பை வெட்டுவதுபோலவே டப்பாவை நகர்த்தினேன். அவர் ஐந்து நிமிடம் பார்த்தார்.

“உள்ளங்கை கவுந்து கெடக்கு. மணிக்கட்டு மேல மடங்கியிருக்கு. கை அசையவே இல்ல, மணிக்கட்ட மட்டும் வெச்சுத் திருப்புறீங்க. ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம்?”

“எட்டு மணி நேரம். வேலை கூடுனா பத்துங்க.”

அவர் என் வலது கையைப் பிடித்துக் கை குலுக்கினார். அப்படியே விடாமல் வைத்துக்கொண்டு, “இப்ப வலிக்குதா?” என்றார். வலிக்கவில்லை.

“இந்த வாட்டத்துல கை இருக்கணும். கை குலுக்குற மாதிரி சாய்ச்சுப் பிடிக்கிற மவுஸ் வெளிநாட்டுல இருக்கு. புத்தகத்துல படம் பாத்திருக்கேன். ஆனா உங்க கை அளவுக்கு இருந்தாத்தான் பிரயோசனம். பெருசா இருந்தா அதுவும் வலிக்கும். மேசை ஒசரத்தையும் பாருங்க.”

“மாத்திரை போட்டா சரியாகாதுங்களா?”

“நீங்க வெவசாயக் குடும்பம்னு சொன்னீங்கல்ல? வரப்பு ஒடைஞ்சிருக்கு. ஒடப்ப அடைக்காம தண்ணிய எறைச்சுக்கிட்டே இருந்தா ஆகுமா?”

இது எனக்கு உடனே புரிந்தது. மறுநாள் காலை நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். ஆனால் எதையும் சுருக்கமாக முடிக்கப் பார்ப்பவர்.

“பதினஞ்சு நாள் லீவு எடுத்துக்கம்மா. சம்பளம் புடிக்க மாட்டேன். மத்தவங்க பாத்துக்குவாங்க.”

நியாயமான பேச்சுதான். ஆனால் மத்தவங்க என்ற சொல் என்னை உறுத்தியது. அன்று மதியம் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்தபோது சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்: “யாருக்கெல்லாம் கை மரத்துப் போவுது?”

எல்லோரும் டிபன் பாக்ஸுக்குள் குனிந்துகொண்டார்கள். நான் என் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி நடுவில் வைத்தேன். கஞ்சிப் பானை விழுந்த கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். அப்புறம் நாகூரிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்த்த பெண், எங்களில் சின்னவள், கண்ணாடி வளையல்களை மேலே தள்ளிக் காட்டினாள். வளையல்களுக்குக் கீழே தோல் நிறத் துணிக்கட்டு. நான்கு மாதமாகக் கட்டுகிறாளாம். வளையல் மறைத்துவிடும் என்று வேண்டுமென்றே நிறைய போட்டிருக்கிறாள்.

“சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவாங்களோன்னு பயமா இருந்துச்சுக்கா.”

ஒருத்தி ஆரம்பித்ததும் மற்றவர்களும் சொன்னார்கள். என்னோடு சேர்த்து ஏழு பேர். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மறுபடி முதலாளியிடம் போனேன். டிசம்பர் பண்டிகைக்கான பெரிய வேலை இன்னும் மூன்று மாதத்தில் வரப்போகிறது. ஏழு பேரும் ஒரே வாரத்தில் லீவு கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“மெரட்டுறியா?”

“இல்ல சார். எண்ணிட்டு வந்து சொல்றேன்.”

காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். “என்னதான் வேணும் உங்களுக்கு?”

“கைக்குச் சரியான மவுஸ். எதுன்னு நானே பாத்துச் சொல்றேன். நீங்க வாங்கிக் குடுங்க.”

“மவுஸுக்கு இவ்ளோ ஆராய்ச்சியா?” என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதும்.

தஞ்சாவூர்க் கடைகளில் இரண்டே வகை மவுஸ்தான் இருந்தது. அடியில் உருண்டை வைத்தது, சிவப்பு விளக்கு எரிவது. இரண்டும் ஒரே வடிவம். ஒரு சனிக்கிழமை திருச்சிக்குப் போனேன். பெரிய கடை. கடைக்காரர் நாலு பெட்டிகளை எடுத்து வைத்தார். எல்லாம் மூடி ஒட்டியிருந்தது. பிரித்துக் காட்டச் சொன்னேன்.

“பிரிச்சா வாங்கிக்கணும்மா. எல்லா மவுஸும் ஒண்ணுதான், என்னத்தப் பாக்கப் போறீங்க?”

“செருப்பு வாங்குறப்பக் கால விட்டுப் பாக்காமயாங்க வாங்குவோம்? கால் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் நடக்கும். என் கை பத்து மணி நேரம் நடக்குதுங்க.”

பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். கடைக்காரர் ஒரு கத்தியை எடுத்து, ஒட்டியிருந்த டேப்பை அறுத்தார். நான்கையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். மூன்று வேண்டாம் என்று தெரிந்தது. நாலாவது நகரவே நகராது. பக்கவாட்டில் ஒரு பெரிய கோலிக்குண்டு பதித்திருந்தது, அதைக் கட்டைவிரலால் உருட்ட வேண்டும். மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. இதுதான் என்று வாங்கி வந்தேன். ஒரு வாரம் மணிக்கட்டு சுகமாக இருந்தது. எட்டாவது நாள் கட்டைவிரல் அடியில் வலி தொடங்கியது. வலி வீடு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு அண்ணன் போன் பண்ணினான். நடந்ததைச் சொன்னேன். சாய்ந்த மவுஸ் சிங்கப்பூரில் கடையில் பார்த்திருப்பதாகச் சொன்னான். உடனே வாங்கி அனுப்புகிறேன் என்றான்.

“அளவு தெரியாம வாங்காதண்ணே. நான் என் கையையே அனுப்புறேன்.”

அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அலுவலக ஸ்கேனரில் என் வலது கையை விரித்து வைத்து ஸ்கேன் செய்தேன். விளிம்பைச் சுற்றிப் புள்ளி வைத்து, நகம் வரை துல்லியமாக வெட்டி, வெள்ளைப் பின்னணியில் நிறுத்தினேன். என் கைவேலைகளிலேயே நேர்த்தியானது அது. ஈமெயிலில் அனுப்பினேன். அண்ணன் அதை அச்செடுத்து, கையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், ஒவ்வொரு மவுஸின் மேலும் வைத்துப் பார்த்து, கச்சிதமாகப் பொருந்திய ஒன்றை வாங்கினான். அவனோடு வேலை செய்பவர் ஒருவர் விடுமுறைக்கு நீடாமங்கலம் வந்தார். அவரிடம் கொடுத்து அனுப்பினான். நான் ரயிலில் போய் வாங்கி வந்தேன். வரும் வழியிலேயே, ரயில் கிளம்புவதற்குள், பெட்டியைப் பிரித்தேன்.

கத்தரிக்காய் அளவு இருந்தது. பெரிய கத்தரிக்காய்கூட இல்லை. என் விரல்கள் அதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

தப்பு என்னுடையதுதான். படத்தை அவ்வளவு அழகாக வெட்டியவள் அளவைக் குறிக்கவில்லை. அவன் அச்செடுத்த கடையில் படத்தைச் சின்ன போட்டோத் தாளுக்குள் அடங்கச் சுருக்கிவிட்டார்கள். குழந்தையின் கையாகிப் போன என் கையை வைத்துக்கொண்டு அவன் கடை கடையாக அலைந்திருக்கிறான். தினமும் அடுத்தவர் படங்களுக்கு அளவு சரிபார்ப்பவள் நான். அந்த ரயில் பயணம் முழுவதும் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை அதை எல்லோருக்கும் காட்டினேன். கை மாறி மாறிப் போனது. எல்லோரும் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். நாகூர்ப் பெண்ணிடம் போனது மட்டும் திரும்பி வரவில்லை. அவள் அதைப் பிடித்து மேசையில் இரண்டு முறை நகர்த்தினாள். பிறகு தன் கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து பழைய மவுஸைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினாள். அவள் கை அவ்வளவு சின்னக் கை. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் பார்த்தால் வளையல் இரண்டே இரண்டு போட்டிருந்தாள். துணிக்கட்டு இல்லை.

“இது உங்களுதாச்சேக்கா, நான் வெச்சுக்கிட்டேனே” என்றாள்.

“என் கைக்கு ஆவாதத வெச்சு நான் என்ன பண்ண? வெச்சுக்க” என்றேன். வெளியே அப்படிச் சொன்னாலும், என் பெயருக்கு வந்தது இன்னொருத்தியைக் குணப்படுத்துவதைப் பார்க்க மனசு கொஞ்சம் குமைந்தது. ஆனால் ஒன்று உறுதியானது. பிசியோதெரபிப் பெண் சொன்னது சரி. வடிவம் சரியாக இருந்து, அளவும் சரியாக இருந்தால், கை தேறும். இனி அளவை மட்டும் சரியாக எடுக்க வேண்டும்.

இந்த முறை ஸ்கேனரை நம்பவில்லை. மீதி ஆறு பேரும் வெள்ளைத் தாளில் கையை வைத்துப் பென்சிலால் வரைந்தோம். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை எத்தனை சென்டிமீட்டர், உள்ளங்கை அகலம் எத்தனை என்று ஸ்கேல் வைத்து ஒவ்வொரு தாளிலும் எழுதினோம். முதலாளி தன் அறையிலிருந்து வந்து வேடிக்கை பார்த்தார். “பத்திரத்துல கைநாட்டு வாங்குற மாதிரி இருக்கே” என்றார். ஆறு தாள்களையும் கடித உறையில் போட்டுத் தபாலில் அனுப்பினேன். இந்தத் தடவை நிறுவனமே வாங்கிக்கொள்ளும் என்று அவரே சொன்னார். நாகூர்ப் பெண்ணின் வேலை எப்படி மாறியது என்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அண்ணன் அடுத்த ஞாயிறு கூப்பிட்டான்.

“ஆறு கை, ஆறும் பொம்பளக் கை. கடையில வரிசையாப் பரப்பி வெச்சேன். கடைக்கார அம்மா என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு.”

“என்ன சொன்ன?”

“தங்கச்சிங்கன்னு சொன்னேன். ஆறு தங்கச்சியான்னு பாவப்பட்டு எல்லாப் பெட்டியையும் அதுவே தொறந்து காட்டுச்சு.”

பார்சல் வருவதற்கு முன்பே மேசையைச் சரிசெய்தோம். எங்கள் மேசைகள் ஒரு கல்யாண மண்டபம் மூடியபோது முதலாளி வாங்கியவை. சாப்பாட்டு மேசைகள். உட்கார்ந்தால் நெஞ்சுக்கு வரும். தச்சரை அழைத்துக் கால்களைக் குறைக்கச் சொன்னேன். நல்ல மரத்தை அறுப்பதைப் பார்க்கச் சகிக்காமல் முதலாளி கீழே மருந்துக் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வாரத்தில்தான் கண் பரிசோதனைக்காகத் தஞ்சாவூர் வந்த அம்மா, என்னோடு சேர்ந்து பஸ் ஏறலாம் என்று மாடிக்கு வந்தாள். என் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வார்ச் செருப்புப் படத்தைத் திறந்து, மவுஸை அவள் கையில் கொடுத்தேன். ஓரத்தைச் சுற்றிப் புள்ளி வைக்கச் சொன்னேன். அவள் எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல. மூச்சைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, முன்பக்க வாரில் பாதி தூரம் வந்தாள். அதற்குள் தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

“களை எடுக்குற மாதிரில்ல இருக்கு. ஒண்ணு விட்டாலும் தெரியுது.” பிறகு கேட்டாள்: “நீ இத ஒரு நாளைக்கு எத்தனை பண்ணுவ?”

சொன்னேன். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, செங்கிப்பட்டி வழியாகச் சுற்றிப் போகிற பஸ்ஸில் தெரியாமல் ஏறிவிட்டோமோ என்று கண்டக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். அதன் பிறகு சோறு வடிக்கிற வேலையை அவள் எனக்குக் கொடுத்ததே இல்லை.

மவுஸ்கள் வந்தன. பிடித்த உடனே தெரிந்தது, என்னுடையது எனக்காகவே வார்த்ததுபோல இருந்தது. ஆனால் வேலை ஓடவில்லை. மூன்று வருடமாக மணிக்கட்டால் செய்ததை இப்போது முழங்கையிலிருந்து செய்ய வேண்டும். திரையில் அம்பு குடிகாரன் நடை நடந்தது. ஒரு சட்டியின் வளைவை மூன்று முறை அழித்துப் போட்டேன். முதல் வாரம் முடிந்தபோது பதினோரு பேரில் நான்தான் கடைசி. முதலிடத்தில் நாகூர்ப் பெண். எனக்கு அழுகையே வந்தது. பழைய மவுஸ் கம்ப்யூட்டருக்குப் பின்னால்தான் கிடந்தது. ஒரு மதியம் அதை எடுத்துச் சொருகியும்விட்டேன். இரண்டு செருப்பு வெட்டினேன், பழைய வேகம், பழைய சுகம். மூன்றாவதில் நடுவிரல் நுனி மரத்தது. பிடுங்கி, கீழே மருந்துக் கடை வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

டிசம்பர் வேலை வந்தபோது நான் நாலாவது இடத்தில் இருந்தேன். ஏழு பேரில் ஒருத்திகூட லீவு எடுக்கவில்லை. பொங்கல் முடிந்து மறுபடி முதலிடம் வந்தேன், இரண்டு நாள் மட்டும். பிறகு நாகூர்ப் பெண் தாண்டிப் போனாள். அப்புறம் அவளை நான் பிடிக்கவே முடியவில்லை. அதற்குள் முதலாளி என்னை மேற்பார்வையாளராக ஆக்கிவிட்டதால் மானம் தப்பியது. கைகளுக்கு ஓய்வு கொடுக்க அவ்வப்போது மணி அடித்து எல்லோரையும் எழுப்பி நடக்கவைப்பதும் என் வேலையில் சேர்ந்தது. மரத்துப்போவது கோடைக்குள் முழுதாக நின்றது. சொல்லாமல் விட்டிருந்தால் எங்களில் பாதிப் பேர் ஒவ்வொருவராக, காரணம் எதுவும் சொல்லாமல், வேலையை விட்டுப் போயிருப்போம் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

சில வருடம் கழித்து நான் தனியாகத் தொழில் தொடங்கினேன். சிறிய அறை, நான்கு கம்ப்யூட்டர். அண்ணன் ஊருக்குத் திரும்பி வந்து போர்செட் போட்டு விவசாயம் பார்க்கிறான். இப்போது எனக்கு வரும் வேலையில் பெரும்பகுதி நகைப் படங்கள். சங்கிலி என்றால் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நுழைந்து வெளியே வர வேண்டும். நேற்று ஒரு காசுமாலையை முடித்தேன். கண்தான் எரிந்தது.